பிறைக்குறி நெய்

மேசையில் இரண்டு நெய் முட்டிகள் இருந்தன. ஊர்காவற்றுறையில் வழக்குப் பேசும் பிரக்கிராசி அப்புத்துரை ஒன்றை முகர்ந்தார், மற்றதை முகர்ந்தார், பிறகு முதலாவதற்கே திரும்பி வந்தார்.

"இதுதானே உம்மடை நெய்? நல்ல மணமாயிருக்கு."

"ஐயோ, அதுதான் ஐயா கள்ள நெய்!" முருகேசு கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "மற்றதுதான் என்ரை."

அப்புத்துரை மூக்கைத் துடைத்துக்கொண்டார். இரண்டு முட்டிகளின் மரமூடியிலும் ஒரே குறி சுட்டிருந்தது: ஒரு பிறை, அதற்குக் கீழே இரண்டு கோடு. முருகேசுவின் ஊரான நெடுந்தீவில் மாடுகள் கூட்டமாக மேயும். எது எவருடையது என்று இப்படியான குறியை வைத்துத்தான் பிரிப்பார்கள். வீட்டு மாட்டுக்குச் சுடும் குறியையே முட்டிக்கும் சுட்டு முருகேசு இங்கே கடை நடத்தினான். பிறைக்குறி என்றால் சனம் விலை பேசாமல் வாங்கியது.

"நான் கடையும் கையுமாய் இஞ்சை கிடக்கிறன். அங்கை தீவிலை ஆரோ இதே குறியைச் சுட்டு அனுப்பினம். யாகப்புவின்ரை வள்ளத்திலை வருது. ஆர் தந்ததெண்டு கேட்டால் அவன் பல்லைக் காட்டுறான். எல்லாரும் அதைத்தான் வாங்கினம். நான் ஈ கலைச்சுக்கொண்டிருக்கிறன் ஐயா."

அப்புத்துரைக்கு வருத்தப்படத் தோன்றவில்லை. வியாபாரக் குறிச் சட்டம் வந்து எத்தனையோ வருடமாகியும் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் அதன் பெயரை எவரும் உச்சரித்ததில்லை. வேலிச் சண்டையும் பயிர் மேய்ந்த மாடும்தான் அவருக்கு வாய்த்தன. அந்த ஆற்றாமையில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு வாரந்தோறும் 'குறிச் சட்டச் செய்தி' எழுதிவந்தார். அச்சுக்கோப்பவரைத் தவிர வேறு யாரும் அதை வாசித்ததாகத் தகவல் இல்லை.

"ஆளைப் பிடிச்சால் மறியலிலை போடுவினமோ ஐயா?"

"குறி களவெடுத்த ஆளுக்குச் சட்டம் இரக்கம் காட்டாது."

"அப்ப விடக்கூடாது! என்ரை கூடப்பிறந்தவனெண்டாலும் உள்ளுக்குப் போகட்டும்."

"முதலிலை கள்ள நெய் வாங்கின ஒராளைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வாரும்."

முருகேசு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினான்.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அப்புத்துரையின் கந்தோர் விறாந்தையில் ஏறினாள். கடல் தெறித்த சேலைத் தலைப்பு இன்னும் காயவில்லை. இடுப்பில் ஒரு முட்டி. மூடியில் பிறை, இரண்டு கோடு.

அப்புத்துரை எட்டி மூடியைப் பார்த்தார். மேசையிலிருந்த முட்டிகள் மேல் பத்திரிகையை விரித்து மெல்ல மூடினார்.

"ஐயா, நான் நெடுந்தீவு. அன்னப்பிள்ளை. என்ரை குறியைப் போட்டு ஒராள் இஞ்சை கள்ள நெய் விக்கிறார். வழக்கு வைக்கவேணும்."

என்ன துணிச்சல்! "குறி உம்மடையோ?"

"என்னைப் பெத்த அப்புவின்ரை. சின்னக்குட்டியற்றை பிறையெண்டால் தீவிலை மாடுகளுக்கே தெரியும். அந்தப் பிறைக்குக் கீழை இவர் தேங்காயெண்ணெய் கலந்து விக்கிறார். செத்துப்போன அப்புவின்ரை பேர் சந்தையிலை நாறுது ஐயா. பொறுக்க ஏலாமல்தான் நல்ல நெய்யை யாகப்பு அண்ணையிட்டைக் குடுத்துவிடுறன்."

அப்புத்துரைக்குத் தம் மூக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் மூக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாதே. தவிர, கட்சிக்காரன் கட்சிக்காரன்தான்.

"விக்கிற ஆளின்ரை பேரென்ன?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "பேர் சொல்ல ஏலாது ஐயா."

"ஏன், பயமோ?"

"அவருக்கோ? நல்ல கதை!"

"கள்ளனுக்கு என்ன 'அவர்'?"

"வாயிலை பழகிப்போச்சுது."

அப்புத்துரை உள்ளுக்குள் கொக்கரித்தார். எதிரியின் பெயரைச் சொல்ல முடியாத முறைப்பாட்டுக்காரி! அப்படி ஒரு ஆளே இல்லை; அதனால்தான் பெயரும் இல்லை.

"என்னட்டை வரச் சொல்லி ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பேப்பரிலை நீங்கள் எழுதினதைப் பார்த்திட்டு வந்தனான். 'குறி முதலில் எவருடையதோ உரிமையும் அவருடையதே' எண்டு போட்டிருந்தியள். வாசிகசாலையிலை எடுப்பிச்சுக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறனான்."

அப்புத்துரையின் மூக்குக்கண்ணாடி மங்கியது. இத்தனை காலம் எழுதி ஒரு வாசகி கிடைத்திருக்கிறாள். அவளையா மறியலுக்கு அனுப்புவது? மனம் கொஞ்சம் ஆடியது. ஆனால் ஊர்காவற்றுறையின் முதலாவது குறி வழக்கு வாசகியைவிடப் பெரிது.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. அவர் பத்திரிகையை இழுத்தெறிந்து இரண்டு முட்டிகளையும் காட்டினார்.

"பிள்ளை, நல்லாய் ஆம்பிட்டீர். குறிக்குச் சொந்தக்காரர் இந்தா வாறார்." வெளியே எட்டிக் கூவினார்: "முருகேசு! ஓடி வாரும், கள்ளி என்ரை கந்தோருக்குள்ளை நிக்கிறாள்!"

முருகேசு ஒரு காலை உள்ளே வைத்தான். மற்றக் கால் வெளியிலேயே நின்றுவிட்டது. சாட்சிக்கு வந்தவர் பின்னாலிருந்து அவன் முதுகில் மோதினார்.

அன்னப்பிள்ளை முட்டியை நிலத்தில் இறக்கி வைத்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மாடுகள் ஆரின்ரை சீதனமெண்டு ஐயாவுக்கு நீங்களே சொல்லுங்கோ."