ஐந்தரை மணி அதிகாரம்

திறந்த பெட்டிக்குள் பைபிளின் ஓரத்தில் தங்கப்பூச்சு பளபளவென்று மின்னியது. மூன்று வருஷத்துக்கு மேல் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்த புத்தகம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். தங்கபுஷ்பத்துக்கு அப்போதே மனசு இடறியது.

எதிரே நாற்காலியின் நுனியில் நூர் முகம்மது உட்கார்ந்திருந்தான். மஸ்கட்டில் அவள் புருஷன் அருமைநாயகத்தோடு ஒரே அறையில் இருந்தவன். அருமைநாயகம் மாரடைப்பில் போய், அங்கேயே அடக்கமும் ஆகி இரண்டு மாதம் கழித்து, அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூர் முகம்மது கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்திருந்தான்.

"முந்தாநாளே வந்திருக்கணும் மதினி. பம்பாயில ரெண்டு நாள் ஒரு வேலையா அலைஞ்சதுல லேட்டாயிருச்சு" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சாயா போடட்டுமா தம்பி?"

"ஒண்ணும் வேண்டாம் மதினி. நீங்க கேட்டது பெட்டியில இருக்கு, பாருங்க."

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தந்தி வந்த மறுநாள் நூர் முகம்மதுக்குக் கடிதம் போட்டிருந்தாள். துணிமணி, கடிகாரம் எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் பைபிள் மட்டும் எப்படியாவது வந்து சேர வேண்டும் என்று.

காரணம் இருந்தது. எண்பதாம் வருஷம் அருமைநாயகம் புறப்படும்போது இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். தினமும் காலையில், இங்கே ஐந்தரை, அங்கே நாலு, ஒரே நேரத்தில் ஒரே அதிகாரத்தை வாசித்து ஜெபம் பண்ண வேண்டும். ஆதியாகமத்தில் ஆரம்பித்தால் கடைசிப் புத்தகம் முடியும்போது விசாவும் முடிந்து, வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அவன் அதிகாரங்களைக் கூட்டிப் பார்த்துச் சொன்னான்.

அந்த நேரத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இறால் உரிக்கும் ஷெட்டுக்கு ஐந்தரைக்கே போகிறவர்களுக்குத்தான் பெரிய இறால் கிடைக்கும். இவள் வேதம் வாசித்து, முழங்காலில் நின்று, ஆறரைக்குப் போய்ப் பொடி இறாலோடு மல்லுக்கட்டுவாள். காய்ச்சலோ கரண்ட் கட்டோ, அதிகாரம் தவறியதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கும் ஒச்சம்மாளுக்கு இது ஒரு கேலி.

"நீ இங்க ஒறக்கம் முழிச்சு வாசி. அங்க ஒன் சேட்டன் இழுத்துப் போத்திக்கிட்டு நல்லா ஒறங்குவாரு, பாத்துக்கோ!"

"போக்கா, எங்க வீட்டுக்காரரு அப்படியில்ல" என்று சிரிப்பாள். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'நம்முடைய நேரத்தைத் தவறவிடவில்லை' என்று அவன் எழுதுவானே, அது போதாதா?

தந்தி வந்த அன்று எபிரெயர் பத்தாம் அதிகாரம். அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. அவன் பைபிள் வரட்டும், மிச்சத்தை அவனுடையதிலேயே வாசித்து இரண்டு பேருக்குமாகச் சேர்த்து முடித்துவிடலாம் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தாள்.

இப்போது கையில் எடுத்தாள். அவள் தைத்துப் போட்ட சீட்டித்துணி உறையைக் காணோம். முதல் பக்கத்தைத் திறக்கத் தைரியம் வரவில்லை. 'ஐந்தரை மணி, மறக்காதீங்க' என்று அவளே எழுதிக்கொடுத்த பக்கம் அது. அதைப் பார்த்தால் உடைந்துபோவோம் என்று பயந்து, நேரே எபிரெயருக்குப் போனாள்.

தாள்கள் பிரியவில்லை. புதுப் பைபிளில் தங்கப்பூச்சு தாளோடு தாளை ஒட்டி வைத்திருக்கும், ஒரு தடவை புரட்டினால்தான் விடும். நகத்தால் நெம்பிப் பிரித்தாள்.

சங்கீதத்துக்குப் போனாள். ஒட்டியிருந்தது. ஏசாயா, யோவான், எங்கே திறந்தாலும் அப்படியேதான் இருந்தது.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள்கூட அவன் இதைத் திறக்கவில்லை. கடிதத்துக்குக் கடிதம் பொய் எழுதியிருக்கிறான். புருஷன் செத்த துக்கத்தைத் தாங்கிக்கொண்டவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. அந்த விடியற்காலைகளில் அவள் ஒற்றையாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மதினி, என்ன ஆச்சு?"

"அவரு நாலு மணிக்கு எந்திரிப்பாரான்னு ஒங்ககிட்ட கேக்க மாட்டேன் தம்பி. கேட்டா நீங்களும் எனக்காகப் பொய்தான் சொல்லுவீங்க." பைபிளை அவன் மடியில் வைத்தாள். "எடுத்துட்டுப் போயிருங்க. தொறந்தே பாக்காத புஸ்தகம் எனக்கு எதுக்கு?"

நூர் முகம்மது அதைப் புரட்டினான். ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது.

"என்னை மன்னிச்சிருங்க மதினி. ஒங்க லெட்டர் கைக்கு வரும்போது அடக்கம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆயிருச்சு. நீங்க கேட்டது அது ஒண்ணுதான். வெறுங்கையோட எப்படி ஒங்க முன்னால வந்து நிக்கிறது?"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"இது பம்பாயில நான் வாங்குனது மதினி, படிச்சுப் படிச்சு நைஞ்சுபோன அவரு பைபிள அவரு நெஞ்சு மேலயே வச்சு அடக்கிட்டோம்."