கம்பியா, பலகையா

நாய்க்கூண்டுக்கு விலை சொல்லுமுன் பவுல்துரை கேட்பது ஒன்றுதான். கடிக்குமா, பிறாண்டுமா? கடிக்கிற நாய்க்கு இரும்புக் கம்பி, பிறாண்டுகிற நாய்க்குத் தகரம் அடித்த பலகை.

வேனில் வந்து இறங்கிய மீசைக்காரர் யோசித்தார். "ரெண்டும் கெடையாது அண்ணாச்சி. தட்டும்."

"நாய் தட்டுமா?"

"கதவத் தட்டிக்கிட்டே கெடக்கும். பலகையே போடுங்க. சத்தம் வெளிய வரக்கூடாது."

"மூச்சு முட்டிரும்யா."

"மேல ரெண்டு ஓட்ட போட்ருங்க."

பவுல்துரை டேப்பை எடுத்தார். "நாயக் காட்டுங்க. படுக்கவச்சு அளக்காம நான் எதையும் செய்யமாட்டேன்."

"நாய் வரல. என் சம்சாரம் வந்திருக்கா. அவ அளவுதான் இருக்கும்."

வேனிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். யாரும் சொல்லாமலே மரத்தூளில் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டாள். பவுல்துரை டேப்போடு குனிந்தார். அவள் கண்ணைத் திறக்காமல் மெல்லச் சொன்னாள்.

"அண்ணாச்சி, கால நீட்டுற மாதிரி வைங்க."

மீசைக்காரர் காதிலும் அது விழுந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு அடி கூட்டுனா எவ்வளவு ஆவும்?" என்றார்.

பழக்கதோஷம். விலை பவுல்துரையின் வாய்வரை வந்துவிட்டது.