மாமியின் சாவிக்கொத்து

“படுக்கும்போதுகூட சாவிக்கொத்து மாமி கையிலதான் உம்மா. எம்மேல நம்பிக்கையே இல்ல.” போனில் அழுதாள் ரெஹானா, கம்பத்துக்கு வாழ வந்த புது மருமகள்.

அன்று மாலை தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய மாமியார் லத்திபா, அந்தக் கொத்தை அவள் கையில் வைத்தார்.

“இனி இது உங்கிட்டயே இருக்கட்டும்மா.”

“ஏன் மாமி, திடீர்னு?”

“வலிப்பு வந்தா இரும்பு குடுக்கணும்னு கையிலயே வச்சிருந்தேன். இரும்பால ஒண்ணும் ஆகாதாம். மூளைக்குள்ள அழற்சியாம், மைக்ரோ ஆர்என்ஏ கோளாறாம், என்னென்னமோ சொன்னாக டாக்டரு. மாத்திரைக்குத்தான் கேக்குமாம்.”

“உங்களுக்கு... எப்படித் தெரியும்?” என்றாள் ரெஹானா.

“எம்மகன் துபாய் போன வாரமே, எம்பக்கத்துல படுத்திருந்தப்ப உனக்கு இழுத்துச்சே. மாத்திரைய இனிமே அரிசி டின்னுக்குள்ள ஒளிக்காத. சோத்துத் தட்டு பக்கத்துலயே வை, நான் எடுத்துத் தாரேன்.”