ஐந்து நொடி

"இன்னும் அஞ்சு செகண்டு லேட்டா வருதும்மா. இது ஆகாது."

கால்பந்து வர்ணனையாளர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மென்பொருள்காரிக்கு முகம் சுருங்கிப்போனது.

மைதானத்தில் அவர் மைக்கில் பேசப் பேச, நேயர்களின் போனில் அது நேரலையாகக் கேட்க வேண்டும். அதற்கென்று ஓர் இணையச் செயலி. வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவளுக்கு அவர்தான் முதல் வாடிக்கையாளர். முதலில் பன்னிரண்டு நொடி பிந்தியது. தலைகீழாக நின்று ஐந்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

செயலியின் முகப்பையும் பார்த்துப் பார்த்து அலங்கரித்திருந்தாள். பச்சைப் புல்வெளி, இரண்டு அணிகளின் கொடி, ஓடும் கடிகாரம். எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். திரை முழுக்க ஒரே ஒரு பொத்தான், தொட்டால் சத்தம், அவ்வளவு போதும் என்றார்.

எத்தனை பேர் கேட்பார்கள் என்று விசாரித்தாள். பத்தொன்பது என்றார். அவளுக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"வீட்ல உக்காந்து கேக்கறவங்களுக்கு அஞ்சு செகண்டு முன்னபின்ன ஆனா என்ன சார்? கோல் எங்கயும் ஓடிப்போயிடாதே."

"என் ஆளுங்களுக்கு ஓடிப்போயிடும்மா."

யார் அந்த ஆட்கள் என்றதற்கு மழுப்பினார்.

"சொன்னா ஓசியிலயே செஞ்சு குடுத்துடுவீங்க. ஓசி வேலையில குறை சொல்ல முடியாது. எனக்குக் குறை சொல்லணும்."

அந்தப் பிடிவாதம் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஏனோ பிடித்தும் இருந்தது. பத்தொன்பது பேருக்கா இத்தனை பாடு என்று வீட்டில் கணவன் கேலி செய்தான். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்து அனுப்பும் முறையையே தூக்கி எறிந்தாள். போனில் பேசுவதுபோல நேராக ஓடும் வழியில் மறுபடி முதலிலிருந்து எழுதினாள். சத்தம் விட்டுவிட்டு வந்தது. அதையும் ஒருவழியாகச் சரிக்கட்டினாள்.

பத்தாம் நாள் கணவனைப் பக்கத்து அறையில் மைக்கோடு நிறுத்தி ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னாள். சுவரைத் தாண்டி வந்த குரலும் காதுக்குள் வந்த குரலும் ஒன்றாக விழுந்தன. அவளுக்கு ஒரு துள்ளுத் துள்ளலாமா என்றிருந்தது.

வர்ணனையாளர் கேட்டுப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு மட்டும் அவசியம் வரச் சொன்னார்.

வர்ணனைக் கூண்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் நேயர் எண்ணிக்கை பத்தொன்பதைத் தொட்டு நின்றது. இப்போதாவது சொல்லுங்கள், அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று சீட்டில் எழுதி நீட்டினாள்.

பந்து இடது ஓரமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. பேச்சை நிறுத்தாமலே அவர் விரலால் கீழே காட்டினார்.

அதே நொடியில் பந்து வலைக்குள் விழ, மைதானமே எழுந்து கத்தியது. கூண்டுக்கு நேர் கீழே, முன்வரிசையில், காதில் இயர்போனும் கையில் மடக்கிய வெள்ளைக் கைத்தடியுமாகப் பத்தொன்பது பேர் கூட்டத்தோடு கூட்டமாக எழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.