இடுப்புக் கயிறு

பிலோமினா தன் மகளின் இடுப்பில் கயிறு கட்டி, அதை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டுத்தான் வேலை பார்ப்பாள். அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தார்கள். துறைமுகத்துக்குக் குறுக்கு வழி என்று ஓட்ட ஆளில்லாத தானியங்கி கன்டெய்னர் லாரிகள் வாசற்படியை உரசிக்கொண்டு ஓடின. எதிர்வீட்டுக் கஸ்தூரியின் வலது கால் போனது அப்படித்தான்.

இன்று காலை தெருமுனையில் இரும்புத் தூண்கள் தரைக்குள்ளிருந்து எழுந்து நின்றன. தெருக்காரர்களின் வண்டிக்கு மட்டுமே தாழும் என்றார்கள். பிலோமினா நம்பவில்லை. கயிற்றை அவிழ்க்கவும் இல்லை.

முதல் லாரி வந்து நின்றது. "அவசரச் சரக்கு. தயவுசெய்து வழிவிடவும்" என்று பணிவாகப் பேசியது. தூண்கள் அசையவில்லை.

"இன்னாமே, உன்னாண்டதான் கெஞ்சுது. பதில் சொல்லு!" என்று கஸ்தூரி ஊன்றுகோலைத் தட்டிச் சிரித்தாள்.

பிலோமினா லாரிக்கு எதிரே போய் நின்றாள். "நீ இந்தத் தெருவுலயா குடியிருக்க? இல்லல்ல? சுத்திக்கினு போ!"

லாரி பின்வாங்கியது. தெருவே கைதட்டியது.

அவள் ஓடிவந்து மகளின் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். குழந்தை கயிறு எட்டும் தூரம்வரை நடந்து, பழக்கத்தில் நின்றுவிட்டது.

"இன்னும் வாடி, என் ராசாத்தி!" என்று கஸ்தூரி எதிர்வாசலிலிருந்து கை நீட்டினாள்.

குழந்தை தன் இடுப்பைத் தடவிப் பார்த்தது. பிறகு நடுரோட்டைக் கடந்து ஓடி அவள் மடியில் விழுந்தது.

மதியத்துக்குள் பிலோமினா தெருப் பிள்ளைகளின் கயிறுகளையெல்லாம் ஒன்றாக முடிந்து, தன் ஜன்னலுக்கும் கஸ்தூரியின் ஜன்னலுக்கும் இழுத்துக் கட்டி, ரோட்டுக்குக் குறுக்கே ஈரத் துணி காயப்போட்டாள்.