ஏழாம் நாள் அளவு

வெட்டுமேசை மேல் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பாதி வெட்டிய சட்டைத் துணியை ஒதுக்கிவிட்டுத் தையல்காரி இடது கையை நீட்டியிருக்கிறாள். பிரஷர் மெஷினின் பட்டை புஸ்ஸென்று உப்பி முழங்கைக்கு மேல் இறுகுகிறது. “அசையாத, பேசாத” என்று அதட்டியபடியே கணவர் குனிந்து எண்ணை முறைத்து, அளவு நோட்டில் எழுதுகிறார். “நூத்தி அம்பத்திரெண்டு! நான் அப்பவே சொன்னேன்ல? எல்லாம் அந்த ஹார்மோன் மாத்திரை பண்ற வேலை. நிறுத்தித் தொலை.” நூல்கண்டுகளுக்கு நடுவே கிடக்கும் மாத்திரை அட்டையை அவள் சந்தேகமாகப் பார்க்கிறாள். மாதவிடாய் நின்றதிலிருந்து உடம்பெல்லாம் தணலாய்த் தவித்தவள், அதைப் போட்ட இந்த மூன்று மாதமாகத்தான் தூங்குகிறாள். ஒரு வார அளவைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று ஏழாம் நாள். “நீங்க போய்க் குளிங்க, வெந்நீர் ஆறுது.” குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. ஐந்து நிமிடம் சுவரில் சாய்ந்து சும்மா இருந்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்துகிறாள். நூற்று இருபத்தெட்டு. நம்பாமல் இன்னொரு தடவை. நூற்று இருபத்தாறு. நோட்டை இழுத்து இரண்டையும் எழுதி, பக்கத்தில் ‘அவர் குளிக்கிறார்’ என்று குறிக்கிறாள். பிறகு குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலே இருக்கும் ஏழு நாள் எண்களுக்கும் எதிரே பொடி எழுத்தில் எழுதிக்கொண்டு போகிறாள்: ‘பக்கத்தில் நின்றார்.’