முன்வரிசைத் தூக்கம்

பிரசங்க பீடத்தில் ஏறி நின்றதும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கீழே ஆலயம் நிரம்பி வழிந்தது. பின்வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். அப்பாவை அடக்கம் செய்த பிறகு, அவருடைய வாழ்வுக்காக நடத்தும் நன்றி ஆராதனை. பேராயர் பேசிவிட்டார். சபைச் செயலாளர் பேசிவிட்டார். அப்பாவிடம் ஞானஸ்நானம் பெற்ற ஒரு டாக்டர் பேசி, அழுதும்விட்டார். குடும்பத்தின் சார்பில் ஒருவர் பேச வேண்டும். மூத்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் அவர் போதகர். எனக்கும் தம்பிக்கும்தான் அப்பா. அந்த அப்பாவைப் பற்றி நான் சொல்லாவிட்டால் இந்த நாளில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. இது தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

இருமினேன். தண்ணீர் குடித்தேன். மைக்கைச் சரிசெய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அத்தனை கண்களும் என்னையே பார்த்தன. ஒரு அத்தை ‘பாவம்’ என்று உதட்டைப் பிதுக்கியதுகூட மேலிருந்து தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் அழுதுகொண்டே இறங்கிவிடுவேன் போலிருந்தது.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன்.

முன்வரிசையில், வழக்கமான இடத்தில், அம்மா கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்குமா?

எங்கள் அம்மாவின் தூக்கம் பிரசித்தி பெற்றது. அப்பாவின் பிரசங்கம் என்றால் வெளியூரிலிருந்துகூட ஆள் வரும். அதிலும் தூங்க அம்மாவால்தான் முடியும். அப்பா பீடத்தில் ஏறினால் போதும், பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவாள். அப்பாவை எந்தச் சபைக்கு மாற்றினாலும் இதே கதைதான். போதகரம்மாவுக்குப் பிரசங்கம்தான் தாலாட்டு என்று சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். அம்மாவும் சிரித்துவிட்டுப் போவாள்.

ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிக்கும் அப்பா, இதற்கு மட்டும் சிரித்ததில்லை.

கோபம் வந்ததும் நல்லதாகப் போயிற்று. நாக்கு விடுபட்டது. அந்தத் தூங்கும் முகத்தைப் பார்த்தே பேச ஆரம்பித்தேன்.

போனை வைக்கும் முன் பழக்கதோஷத்தில் அப்பா ஆசீர்வாதம் சொல்லிவிடுவார் என்று சொன்னேன். கடன் வேண்டுமா என்று கேட்டுக் கூப்பிட்ட வங்கிப் பெண்ணையும் அவர் விடவில்லை. அவளும் ‘ஆமென்’ சொல்லித்தான் வைத்தாள்.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஷூக்களுக்கெல்லாம் அவரே பாலிஷ் போடுவார், மறுநாள் பிரசங்கத்தை அவற்றிடம்தான் முதலில் சொல்லிப் பார்ப்பார் என்றேன். எங்கள் ஷூக்கள் அளவுக்கு வேதம் கேட்ட ஷூக்கள் உலகத்திலேயே கிடையாது.

தம்பி கணக்கில் கோட்டை விட்ட அன்று, “கிருபை நாம சம்பாதிக்கிறது இல்லடா, சும்மா கிடைக்கிறது” என்று லுத்தரன் போதகருக்கே உரிய ஆறுதலை அப்பா சொல்லிக்கொண்டிருக்க, கணக்கு டீச்சரான அம்மா உள்ளேயிருந்து “மார்க்கு அப்படி இல்ல” என்றதையும் சொன்னேன். பேராயரே தோள் குலுங்கச் சிரித்தார்.

ஞாயிறு மதியம் அடுப்படி அப்பாவுடையது. ஆலயத்திலிருந்து வந்து அங்கியைக் கழற்றிய கையோடு கரண்டியைப் பிடிப்பார். அம்மா காலையிலிருந்து உழைத்துக் களைத்திருக்கிறாள், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பார். தூங்கினதற்குப் பெயர் உழைப்பா என்று நாங்கள் முணுமுணுப்போம். அடிப்பிடித்ததோ உப்புக் கரித்ததோ, அவர் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தோம்.

இப்படி ஓர் அப்பா கிடைக்க நாங்கள் எதுவும் செய்யவில்லை, சும்மாதான் கிடைத்தார், கொடுத்தவருக்கு நன்றி என்று முடித்தேன். குரல் ஓர் இடத்தில்கூட உடையவில்லை. எனக்கே ஆச்சரியம்.

நான் கடைசிப் படியில் கால் வைத்ததும் அம்மா கண்ணைத் திறந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடுத்த பாட்டுக்கு ஆர்கன் முழங்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் அவள் காதருகே குனிந்தேன்.

“ஏம்மா, இன்னைக்குக்கூடவா தூக்கம்?”

“யாருடி தூங்குனா?” என்றாள் அம்மா.

பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக்கொண்டே, ஏதோ வீட்டு விஷயம் பேசுவதுபோல் சொன்னாள்.

“பீடத்துல ஏறி நின்னு, எல்லாரும் தன்னையே பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சா உங்கப்பாவுக்கு வார்த்தை வராது. கல்யாணம் ஆன புதுசுல ஒரு ஞாயிறு பாதியிலேயே நின்னுட்டாரு. ஒரே ஒரு முகம் என்னைப் பார்க்காம இருந்தா போதும், நான் அதுகிட்ட பேசிக்கிறேன்னாரு. நீயும் அவரை மாதிரியே அங்க நின்னு முழிச்சே. அதான் இன்னைக்கும் கண்ணை மூடிக்கிட்டேன்.”

“இத்தனை வருஷமா எங்ககிட்டகூட சொல்லலையேம்மா?”

“போதகருக்குப் பேச பயம்னு நாலு பேர் சொல்றதுக்கு, அவர் பொண்டாட்டி தூங்குமூஞ்சின்னு சொல்லிட்டுப் போகட்டுமே.”

சபை எழுந்து நின்று பாடியது. நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அம்மா காலியான பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, ஆர்கன் சத்தத்துக்கு மேல் கேட்டாள்.

“ஏண்டி, அங்க நின்னு பேசும்போது அவர் எப்படி இருப்பாரு?”